எண்பத்தொரு வயதில் திறந்த வாயில்

திருவனந்தபுரத்திற்குச் சென்று வந்த அன்பர்கள் கிழக்குக் கோட்டையை அறிந்திருப்பார்கள். கோட்டை வாயிலைக் கடந்து பத்மநாபசுவாமி கோயிலை நோக்கி நடந்தால், குதிரைமாளிகை என்னும் பழைய அரண்மனையை அடுத்து நவராத்திரி மண்டபம் இருக்கிறது. நவராத்திரியின் ஒன்பது மாலைகளிலும் அங்கே கருநாடக இசை ஒலிக்கும். எண்ணெய் விளக்குகளின் ஒளியில் கலைமகள் கொலுவீற்றிருப்பாள்; வித்துவான் அவள் திருமுன்னர் தரையில் அமர்ந்து பாடுவார். ஒலிபெருக்கி கிடையாது. கைதட்டும் வழக்கமும் இல்லை. கச்சேரி என்று நாம் சொன்னாலும் உண்மையில் அது வழிபாடேயாகும்.

2006-ஆம் ஆண்டு நவராத்திரியில் அம்மண்டபத்தில் ஒரு மூதாட்டியார் அமர்ந்து பாடினார். அவருக்கு அப்போது 81 வயது நிறைந்திருந்தது. அதற்கு முன் எந்தப் பெண்மணியும் அங்கே பாடியதில்லை. தலைமுறை தலைமுறையாக ஆடவர் மட்டுமே பாடி வந்த இடம் அது. அவ்வழக்கத்தைத் தம் குரலால் முடித்து வைத்தவர் பாறசாலை பொன்னம்மாள்.

அம்மையார் 1924-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் பாறசாலையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். பாறசாலை அந்நாளில் திருவிதாங்கூரின் உள்ளூர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது, அதன் அருகேயுள்ள களியக்காவிளை தமிழகத்தைச் சேர்ந்தது; பாறசாலை கேரளத்திலேயே நின்றது. அதனால் அது எல்லையோரத்து ஊராயிற்று. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர் பத்மநாபபுரத்திலிருந்து கலைமகள் திருவுருவம் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் செல்லும். கம்பர் வழிபட்ட திருமேனி அது என்பது மரபாக வழங்கும் செய்தி. வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் செல்வார்கள். இந்த ஊர்வலம் பாறசாலை வழியாகவே போகிறது. தம் ஊரைக் கடந்து போகும் தேவியின் திருமுன்னர் பாடும் உரிமை, அவ்வூர்ப் பெண்ணுக்கு எண்பது வயது கடந்த பின்னரே கிடைத்தது.

1939-ஆம் ஆண்டில் சித்திரைத் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் ஒரு சங்கீத அகாதமியை நிறுவினார். சுவாதித் திருநாள் மகாராஜா (1813–1846) இயற்றிய உருப்படிகளைத் திரட்டிப் பரப்புவது அதன் தலையாய நோக்கம். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அதன் முதல்வராக வந்தார். அவருக்குப் பின் தஞ்சைச் சீமையைச் சேர்ந்த செம்மங்குடி சீனிவாச ஐயர் அப்பொறுப்பை ஏற்று, இரு பதிற்றாண்டுகளுக்கு மேல் நடத்தினார். இருவரும் நம்மைப் போலவே பிறந்த மண்ணை விட்டு வேறொரு சீமைக்குச் சென்றவர்கள். சென்ற இடத்தில் அம்மண்ணின் மன்னர் செய்த பாடல்களைத் தம்முடையனவாக எண்ணிப் போற்றி, நாடெங்கும் ஒலிக்கச் செய்தார்கள். பிற்காலத்தில் சுவாதித் திருநாள் சங்கீதக் கல்லூரி என்று பெயர் பெற்றது இந்நிலையமே.

அங்கே சேர்ந்த முதல் மாணவி பொன்னம்மாள். பதினைந்து வயதிலேயே மகாராஜாவின் பிறந்தநாள் இசைப் போட்டியில் பரிசு பெற்ற சிறுமி அவர். நல்ல குடும்பத்துப் பெண் இசை கற்பதைப் பெருமையாகக் கருதிய வீட்டாரும், அவள் கல்லூரிக்குச் சென்று ஆடவரோடு அமர்ந்து கற்பதற்குத் தயங்கிய காலம் அது. அம்மையார் கானபூஷணம், கானப்பிரவீணா ஆகிய இரு பட்டங்களிலும் முதல் தரத்தில் தேறினார். முத்தையா பாகவதரிடமும் செம்மங்குடியாரிடமும் பாடம் கேட்கும் பேறும் அவருக்கு வாய்த்தது.

பட்டம் பெற்ற பெண்ணுக்கு அக்காலத்தில் இரண்டே வழிகள் இருந்தன. இசையை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் குடும்பத்தைப் பார்ப்பது ஒன்று. குடும்பத்தைத் துறந்து மேடையைப் பற்றிக்கொள்வது மற்றொன்று. அம்மையார் இவ்விரண்டினுள் எதனையும் தேர்ந்தெடுக்கவில்லை. மணம் புரிந்து, மக்களைப் பெற்று வளர்த்து, இல்லறத்தைக் குறைவின்றி நடத்திக்கொண்டே இசையாசிரியப் பணியை மேற்கொண்டார். முதலில் திருவனந்தபுரம் காட்டன்ஹில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சிறுமியர்க்குப் பாட்டுக் கற்பித்தார். பின்னர்த் தாம் பயின்ற சங்கீதக் கல்லூரியிலேயே முதல் பெண் ஆசிரியராக அமர்ந்தார். அதன் பின்னர்த் திருப்பூணித்துறையிலுள்ள ராதா லட்சுமி விலாசம் இசை, நுண்கலைக் கல்லூரிக்கு முதல்வரானார். அப்பதவியை ஏற்ற முதல் பெண்மணியும் அவரே.

தொண்டு என்றவுடன் அன்ன சத்திரமும் மருத்துவ நிதியும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவைதாம். ஆயினும் ஒரு கலையைத் தலைமுறை தாண்டிக் கொண்டு சேர்ப்பதும் தொண்டே. அதற்கு நன்கொடைப் பட்டியலோ பாராட்டு விழாவோ இருப்பதில்லை. சுருதி சேராத பிள்ளைக்கு அதே வரிசையை நூறு முறை சொல்லிக்கொடுக்கும் பொறுமைதான் அத்தொண்டின் மூலதனம். அம்மையாரிடம் பயின்ற நெய்யாற்றின்கரை வாசுதேவன் கேரளத்தின் முன்னணிப் பாடகரானார். மற்றொரு மாணவரான எம். ஜி. ராதாகிருஷ்ணன் திரையிசை அமைப்பாளராகப் புகழ் பெற்றார். 1993-இல் வெளிவந்த ‘மணிச்சித்திரத்தாழ்’ என்னும் மலையாளப் படத்தின் பாடல்களுக்கு இசையமைத்தவர் அவர். பெரும்பெயர் பெறாமல், தம் வீட்டு நவராத்திரிக் கொலுவில் மட்டும் பாடும் மாணவியரும் எத்தனையோ பேர்.

இங்கே ஒரு முரண் நம் கண்ணில் படாமல் போகாது. அம்மையாரிடம் சரளிவரிசை தொடங்கும் ஒரு சிறுவன் நன்றாகத் தேறினால், ஒருநாள் நவராத்திரி மண்டபத்தில் பாடலாம். கற்பித்த ஆசிரியை பாட முடியாது. சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஆரபி என நாளுக்கொரு ராகமாகச் சுவாதித் திருநாள் செய்த ஒன்பது நவராத்திரிக் கீர்த்தனைகளே அங்கு நடுநாயகம். அவற்றைக் கற்பிக்கத் தகுதியுடைய பெண்ணுக்கு, அவற்றை உரிய இடத்தில் பாடத் தகுதியில்லை என்றது வழக்கம். பாடப்படும் தெய்வமோ பெண் தெய்வம்!

திருவிதாங்கூர் வழக்கங்களை மாற்ற அறியாத நாடு அன்று. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம், இந்துக்களில் எச்சாதியாரும் அரசின் கோயில்களுக்குள் சென்று வழிபடலாம் என்றது. அவ்வளவு பெரிய கதவு ஒரே நாளில் திறந்தது. அடுத்திருந்த இச்சிறு மண்டபத்தில் பெண்குரல் ஒலிக்க மேலும் எழுபது ஆண்டுகள் சென்றன. பெரிய அநீதிகள் கண்ணுக்குத் தெரிவதால் கேள்வி எழுகிறது. சிறிய அநீதிகளோ மரபு என்னும் பெயரில் ஒதுங்கியிருந்து நெடுநாள் வாழ்ந்துவிடுகின்றன.

அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும், தாமே வாய்ப்பாட்டும் வீணையும் வல்லவருமான அசுவதித் திருநாள் ராமவர்மா இவ்விழாவின் பொறுப்பை ஏற்றிருந்தார். அவரே அம்மையாரை அழைத்தார். அம்மண்டபத்தில் மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் இசை எட்டரை மணி வரை நீளும். ஒலிபெருக்கியின் துணையின்றி, ராக ஆலாபனையும் தானமும் கீர்த்தனையும் கற்பனை சுரமுமாக அவ்வளவு நேரம் நிரப்புவது இளைஞர்க்கே எளிதன்று. எண்பத்தொரு வயதில் அதற்கு ஈடுகொடுத்த சாரீரம் அழைப்பு வந்த பிறகு தேடிக்கொண்டதாக இருக்க முடியாது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தும் பாடியும் காத்து வந்த செல்வம் அது.

அதன் பின்னர் நடந்தது வியப்புக்குரியது. பெரும்பாலோர் ஓய்ந்து அமரும் வயதில் அம்மையாரின் மேடை வாழ்வு மறுமலர்ச்சி பெற்றது. கேரளத்திற்கு வெளியே அவரை அறியாதிருந்த இரசிகர்களும் அறிந்தார்கள். சென்னையிலும் அவர் இசை ஒலித்தது. அவசரமற்ற பழைய பாணியும், ஆடம்பரமற்ற தோற்றமும் அனைவரையும் கவர்ந்தன. 2017-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. 2021-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், 96-ஆம் வயதில், திருவனந்தபுரத்தில் அம்மையார் மறைந்தார். அவர் திறந்த வழியில் வேறு பெண்மணிகளும் நவராத்திரி மண்டபத்தில் பாடியிருக்கிறார்கள்.

இவ்வரலாற்றைப் படித்துவிட்டு, ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்று பழமொழி சொல்லி நாம் அமைதியடைந்துவிடலாகாது. அம்மையாரின் பொறுமையைப் போற்றலாம். அப்பொறுமையை அவரிடம் வேண்டிய வழக்கத்தைப் போற்றுவதற்கில்லை. முப்பது வயதில் அம்மண்டபத்தில் அவர் பாடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை இனி எவரும் கேட்க முடியாது. அந்த இழப்பு அவருக்கு மட்டும் உரியதன்று. கேட்டிருக்க வேண்டியவர்கள் அனைவருக்கும் உரியது.

கடல் கடந்தும் எல்லை கடந்தும் வாழும் நம் குடும்பங்களில் இன்று பெண் குழந்தைகள் நிறையப் பேர் பாட்டுக் கற்கிறார்கள். வார இறுதியில் தந்தையர் வண்டியோட்டிக் கூட்டிச் செல்ல, அவர்கள் வர்ணம் வரை வந்துவிடுகிறார்கள். பின்னர்ப் பள்ளித் தேர்வு வருகிறது; வேலை வருகிறது; திருமணம் வருகிறது. தம்பூராப் பெட்டி பரண் மேல் ஏறுகிறது. யாரும் தடுப்பதில்லை, கேட்பாரும் இல்லை. மண்டபத்துக் கதவுகளை மூடி வைக்கும் வழக்கத்தை நாம் குறை கூறும்போது, நம் வீட்டில் ஓசையின்றி மூடப்படும் இக்கதவையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆதலின் இவ்வாண்டு நவராத்திரியில் ஒன்று செய்யலாம். கொலுவுக்கு வரும் சிறுமியரைப் பாடச் சொல்வது நம் வழக்கம். அவர்களோடு, அவர்களை அழைத்து வரும் அன்னையையும் பாட்டியையும் பாடச் சொல்லுவோம். குரல் சற்று நடுங்கினால் என்ன? எண்பத்தொரு வயதில் தொடங்கிய ஒரு கச்சேரியை நாம் அறிவோம்.