அனுமதியுடன் முடிந்துவிடுவதில்லை சமத்துவம்

வேலணையிலிருந்து யாழ். நகருக்குச் செல்லப் பண்ணைப் பாலத்தைக் கடந்தால் போதும். நெடுந்தீவிலோ நயினாதீவிலோ பிறந்த மாணவரோ படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவையும் வேலணையையும் தாண்டியே நகரை அடைய வேண்டும். எனினும் பல்கலைக்கழக அனுமதிக் கணக்கில் இவர்கள் அனைவரும் நகரத்து முன்னணிப் பாடசாலை மாணவரோடு ஒரே மாவட்டத்தவரே.

விஞ்ஞானத் துறைகளுக்கான இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என ஒதுக்கப்படுவதே பல வருடங்களாக நிலவிவரும் ஏற்பாடாகும். மாவட்டங்களுக்கிடையிலான ஏற்றத்தாழ்வைக் கருத்திற்கொள்ளும் இம்முறை, ஒரு மாவட்டத்திற்குள்ளேயே நிலவும் ஏற்றத்தாழ்வைக் கண்டுகொள்வதில்லை.

தரப்படுத்தலின் காயம் தமிழ் மக்களின் நினைவிலிருந்து இன்னும் அகலவில்லை. 1971 ஆம் ஆண்டு அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்திற்குத் தெரிவாகச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகள் தேவைப்பட்டன. அது மொழியால் இழைக்கப்பட்ட அநீதி. 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாண மாணவரைப் பாதித்த அதேவேளை, மன்னார், அம்பாறை போன்ற மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவருக்குக் கதவைத் திறந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஒருவருக்கு இழப்பாகத் தெரிவது மற்றொருவருக்கு முதல் வாய்ப்பாக அமையலாம் என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

ஆனால், அனுமதி கிடைத்துவிட்டால் சமத்துவம் கிட்டிவிடுமா? க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியலையும் இரசாயனவியலையும் தமிழில் கற்ற மாணவர், விஞ்ஞான பீடத்தில் முதல் நாளே ஆங்கில விரிவுரையை எதிர்கொள்கிறார். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை தனியார் வகுப்பில் பெற்ற ஆங்கிலத்தால் தப்பிக்கொள்ள, தீவகத்துப் பிள்ளை விளங்காததைக் கேட்கவும் கூசி மௌனமாகிறது. அந்த மௌனம் திறமையின்மையாகக் கணிக்கப்படுவதே பெரிய அநீதி.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, யாழ். ஒஸ்மானியாக் கல்லூரியைச் சூழ வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் புத்தளத்து அகதி முகாம்களில் கல்வியைத் தொடர நேர்ந்தது. அச்சமூகத்தின் பிள்ளைகள் இன்று யாழ். பல்கலைக்கழகத்திற்கு வரும்போது, விருந்தினராக அன்றி உரித்தாளராக வரவேற்கப்பட வேண்டும். 2016 ஜூலையில் அப்பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் புதுமுக மாணவர் வரவேற்பில், கண்டிய நடனம் தொடர்பாக எழுந்த முரண்பாடு தமிழ், சிங்கள மாணவரிடையே மோதலாக வெடித்தது. ஒரே மண்டபத்தில் அமர்வதால் மாத்திரம் மனங்கள் நெருங்கிவிடுவதில்லை என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே, துறைகள் செய்யவேண்டியவை பல. முதலாம் வருடத்தில் ஆங்கிலத்தைத் தனிப்பாடமாக மட்டுமன்றி, ஆய்வுகூட அறிக்கை எழுதும் பயிற்சியோடு இணைத்துக் கற்பித்தல் வேண்டும். செய்முறைக் குழுக்களை மாணவரின் விருப்பத்திற்கு விட்டால் மொழிவாரியாகப் பிரிந்துவிடும். விரிவுரையாளரே அவற்றைக் கலந்து அமைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவையும் நோன்பையும் நேரசூசி கணக்கிலெடுக்க வேண்டும்; கடல் கொந்தளித்துப் படகு நின்றதால் பரீட்சைக்கு வரமுடியாத மாணவருக்கு மறுவாய்ப்பு விதிமுறையாகவே இருக்க வேண்டும். மாடிப்படி ஏற இயலாதவருக்கு ஆய்வுகூடம் மூடிய கதவாகிவிடலாகாது. வலுவிழந்தோர் உரிமைகளுக்கான சட்டம் 1996 இலேயே இயற்றப்பட்டுவிட்டது. 1998 இன் பகிடிவதைத் தடைச் சட்டமும் ஏட்டளவில் உறங்குவதற்கானதன்று.

இவை தரத்தைக் குறைக்கும் சலுகைகள் என்பார் உளர். வினாத்தாளோ தேர்ச்சிப் புள்ளியோ இங்கு மாற்றப்படவில்லை. திறமை வெளிப்படத் தடையாயிருப்பவை மாத்திரமே அகற்றப்படுகின்றன.

இனம், மதம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் எவரும் பாரபட்சம் காட்டப்படலாகாது என எமது அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை கூறுகிறது. பாரபட்சத்தின் கசப்பை நன்கறிந்த சமூகம், தன் கையிலுள்ள நிறுவனத்தில் அதற்கு இடமளிக்கலாமா? பிறருக்கு நாம் வழங்கும் நீதியே, நமக்கென நாம் கேட்கும் நீதிக்கு வலுச்சேர்க்கும்.