சொல்லாமல் மாறும் யந்திரம்

கடைக்காரரின் எடைக்கல்லில் சர்க்கார் முத்திரை உண்டு. செயற்கை நுண்ணறிவு யந்திரத்திற்கோ அத்தகைய முத்திரை ஒன்றுமில்லை. நேற்று விடை கூறிய அதே பெயர்தான் இன்றும் கூறுகிறது. உள்ளே இருப்பதும் அதுதானா என்பதை நாம் எவ்வாறு அறிவோம்?

2023 ஜூலையில் ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் ஜிபிடி-4 யந்திரத்தைப் பரீட்சித்த முடிவை வெளியிட்டனர். 'இது பகா எண்ணா?' என்று 500 எண்களைக் கொடுத்துக் கேட்டதில், மார்ச்சில் நூற்றுக்கு 97.6 விடைகள் சரி; ஜூனில் 2.4 மட்டுமே! யந்திரம் மந்தமாகிவிட்டதென்று ஜனங்கள் ஆரவாரித்தனர். ஆனால் கொடுத்த எண்கள் யாவும் பகா எண்களே என்பதைப் பிரின்ஸ்டன் அறிஞர் இருவர் கண்டனர். முன்பு எதைக் கேட்டாலும் பெரும்பாலும் 'ஆம்' என்ற யந்திரம், பின்பு 'அன்று' என்றது. கணக்கு முன்பும் வரவில்லை, பின்பும் வரவில்லை. மாறியது பழக்கமேயன்றி அறிவன்று.

அவ்வாண்டு டிசம்பரில், யந்திரம் சோம்பிவிட்டதென்று புகார் எழுந்தது. நவம்பர் 11-க்குப் பின் அதை மாற்றவேயில்லை என்றது ஓப்பன்ஏஐ கம்பெனி. 2025 ஏப்ரலிலோ, முகஸ்துதி மிகுந்துவிட்டதென்று ஜனங்கள் முறையிட்டது மெய்யாயிற்று; புதிய மாறுதலைக் கம்பெனி சில தினங்களில் திரும்பப் பெற்றது.

ஆதலின் ஜனங்களின் ஐயத்தைப் பிரமையென்று தள்ளுவதும் தவறு. சோதியாமல் நம்புவதும் தவறு. நம் பிள்ளைகள் பாடத்திற்கு இந்த யந்திரத்தை நாடுகின்றனர். விடை நன்கறிந்த பத்துக் கேள்விகளை, 'ஆம்' என்பதற்குரியவையும் 'அன்று' என்பதற்குரியவையும் கலந்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்து மாதந்தோறும் கேட்டுப் பார்ப்போம். மாறுதலைத் தேதியிட்டு அறிவிப்பது கம்பெனியின் கடமை. அதை வற்புறுத்திக் கேட்பது நமது உரிமை.