அத்தையிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம்!



மாசி பிறந்து வெயில் ஏற ஆரம்பித்தால், வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறவர்களுக்கு, 'நாலு செடி வைத்தால் என்ன?' என்று ஆசை வரும். எனக்கும் வந்தது. நான் பட்டுத் தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். கால் கிலோ வாங்கி, ரசத்துக்குப் புளியைக் கூட்டி ஒப்பேற்றினேன். 'இனி நாமே போட்டுக்கணும்' என்று அன்றே முடிவு செய்தேன்.

2024 மாசியில் ஆறு வகை விதை வாங்கி, கொல்லையில் பத்தடிக்கு ஆறடி இடத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தூவினேன். கீரை விதையை எறும்பு இழுத்துப் போனது. தண்ணீர் தேங்கி தக்காளி நாற்று அடியிலேயே அழுகியது. வெண்டை ஒரு ஜாண் வளர்ந்து நின்றுவிட்டது. "விதைக்குப் போட்ட காசுக்குக் காயே வாங்கியிருக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

அதைவிட வருத்தம், என் அத்தை (மாமியார்) திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது. அவர் நாற்பது வருஷம் தோட்டத்தில் பாடுபட்டவர். மாமாவின் வைத்தியத்துக்காக நிலத்தை விற்றோம், மாமாவும் பிழைக்கவில்லை. அதன்பின் எங்களோடு வந்தவர், சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், அவ்வளவுதான். 'மனசுக்குள்ளே என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்' என்றே நினைத்தேன்.

2025 மாசியில் மறுபடியும் முயற்சி செய்தேன். ஒருநாள் மதியம் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் ஊற்றினேன். "உச்சி வெயில்ல ஊத்தாதத்தா! காலையில ஊத்து" என்று திண்ணையிலிருந்து சத்தம். திரும்பினால் அத்தை எழுந்து வருகிறார். "போன வருஷமே சொல்லியிருக்கலாமே அத்தை?" என்றேன். "நீ கேக்கலையே தாயி. நிலம் போனதுலேருந்து மண்ணைத் தொடவும் எனக்கு மனசு வரல" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

அன்றிலிருந்து அவர்தான் வாத்தியார். அவர் சொல்லிக் கொடுத்தவை:

வீடு கட்டிய இடத்து மண்ணில் செங்கல், சிமென்ட் துண்டெல்லாம் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி, ஒரு அடி ஆழம் கொத்தி, பத்து நாள் வெயிலில் ஆறப்போட வேண்டும். நன்றாக மட்கிய சாணி எருவே போட வேண்டும்; பச்சைச் சாணம் கூடாது.

கீரை விதையை மணலோடு கலந்து தூவி, சுற்றிலும் சாம்பல் போட்டால் எறும்பு அண்டாது. 25 நாளில் பறிக்கலாம்.

வெண்டை விதையை ராத்திரி ஊறவைத்து, ஒரு அடிக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை. முளைத்ததும் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்க வேண்டும். (எனக்குப் பிடுங்க மனசு வரவில்லை, அத்தைதான் பிடுங்கினார்.) 45 நாளில் காய்க்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும்.

தக்காளி, கத்தரியை முதலில் நாற்று விட்டு, 25, 30 நாளில் சாயங்காலம் பிடுங்கி நட வேண்டும். மண் ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் தேங்கக் கூடாது. அரிசி கழுவிய தண்ணீர் செடிக்கு. சோப்புத் தண்ணீர் வாழைக்கு.

மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, இலையின் அடியிலும் படும்படி சாயங்காலம் தெளிக்கலாம். வெண்டை இலையில் நரம்பு மஞ்சளானால் அந்தச் செடியை உடனே பிடுங்கிவிட வேண்டும். வெள்ளை ஈ மற்ற செடிகளுக்கும் பரப்பிவிடும்.

என் பங்குக்கு நானும் ஒன்று சொன்னேன். அந்த மஞ்சள் நோயை ஓரளவு தாங்கும் 'அர்கா அனாமிகா' வெண்டை, பெரியகுளத்தில் உருவான 'பி.கே.எம்.1' தக்காளி என்று ரகம் கேட்டு வாங்கி வந்தேன். "பேரெல்லாம் வெச்சிருக்காகளா!" என்று அத்தை ஆச்சரியப்பட்டார்.

காய்கறிச் செலவு அடியோடு நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தக்காளி இன்னும் கடையில்தான். ஆனால் கீரையும் வெண்டையும் சீசனில் வாங்குவதில்லை. கத்தரி வாரம் இரண்டு நாள் குழம்புக்கு வருகிறது. பக்கத்து வீட்டுக்கும் ஒரு கை கொடுக்கிறோம்.

இப்போது காலையில் நான் எழுவதற்குள் அத்தை கொல்லையில் இருக்கிறார். "இன்னைக்கு என்ன பறிக்கட்டும்?" என்ற அவர் குரலில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடிகிறது. காய் கிடைத்ததைவிட எனக்கு அதுதான் பெரிய லாபம்.

தோழிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அத்தையோ அம்மாவோ பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். விதை வாங்கப் போகுமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் ஒரு வருஷம் கழித்துத்தான் கேட்டேன். நீங்கள் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்!

- ஓர் இல்லத்தரசி, திண்டுக்கல்.