இளஞ்சேவலை நெறிப்படுத்தல்

புலரும் பொழுதில் நம்மைத் துயிலெழுப்பும் பறவை சேவல். புழக்கடையில் கோழி வளர்ப்பார்க்கு அதன் குரலும் இனிது, தோற்றமும் இனிது. எனினும், நேற்றுவரை நம் கையிலிருந்த கம்பைக் கொத்தித் தின்ற சேவற்குஞ்சு, ஐந்து திங்கள் நிரம்பியதும் வளர்த்தவர் மீதே பாய்வதுண்டு.

சில ஆண்டுகட்கு முன், எம் இல்லத்து இளஞ்சேவலொன்று முற்றத்தில் விளையாடிய என் பேரன்மேற் பாய்ந்தது. கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே கீறல் விழுந்தது. யான் சினந்து, கோலெடுத்து அச்சேவலை அடித்தேன். மறுநாள் அது முன்னினும் மிகுதியாகச் சீறியது. என் செயல் பிழையென்பதை அப்போது உணர்ந்தேன்.

மாணவர்களே! சேவலின் சினத்துக்குக் காரணம் யாது? நான்கு முதல் ஆறு திங்களுக்குள் சேவற்குஞ்சு பருவம் எய்தத் தொடங்குகிறது. அப்போது அதன் கொண்டை சிவக்கும், அது கூவப் பழகும், போர்க்குணமும் தலைகாட்டும். மேலும், கோழிக்கூட்டத்தில் உயர்வு தாழ்வு என்னும் ஒரு வரிசை உண்டு. மேலுள்ளது கீழுள்ளதைக் கொத்தும். கீழுள்ளது எதிர்த்துக் கொத்தாது. நார்வே நாட்டு அறிஞர் தோர்லெய்ப் செல்டெரூப்-எப்பே என்பார் இதனை ஆராய்ந்து 1922-இல் கட்டுரை வெளியிட்டார். பருவமெய்திய இளஞ்சேவல் இவ்வரிசையில் தன் இடத்தைத் தேடுகிறது. அருகில் வரும் மனிதரையும் சிலபோது போட்டியாளராகக் கருதுகிறது. நாம் அடிப்பின், அதன் போருக்கு உடன்பட்டவர் ஆவோம். அஞ்சி ஓடினால், அது வென்றதாகிவிடும். இரண்டும் அதன் சினத்தை வளர்ப்பனவே.

பாயுமுன் சேவல் குறி காட்டும். ஒரு சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நடக்கும். கழுத்து மயிரைச் சிலிர்க்கும். அக்குறி கண்டவுடன் நாம் ஓடாமலும் அடியாமலும் அசைவற்று நிற்றல் வேண்டும். அது தணிந்தபின் நிதானமாக நம் வழியே நடத்தல் வேண்டும். சிறு குழந்தைகளை அதனருகே தனியே விடலாகாது. முள்ளாற் கீறப்பட்டால், புண்ணைச் சோப்பிட்டுக் கழுவி மருத்துவரிடம் காட்டுக. ரணஜன்னித் தடுப்பூசி வேண்டுமா என்பதை அவரே கூறுவார்.

சேவல்கள் தம்முள் பொருவதும் உண்டு. விலக்குவாரின்றித் தனித்துப் பொரும் குப்பைக் கோழிகளை உவமையாகக் கூறிய சங்கப் புலவர், அவ்வுவமையாலேயே குப்பைக் கோழியார் எனப் பெயர் பெற்றார். அவர் பாடல் குறுந்தொகையில் உள்ளது. நம் புழக்கடையிலோ, விலக்க வேண்டியவர் நாமே. எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். சேவல் மிகின் போர் மிகும். பெட்டைகளின் முதுகுச் சிறகும் உதிரும். ஆகவே மிகுந்தவற்றைப் பருவமெய்துமுன்பே பிரித்தல் நன்று. இரையை ஓரிடத்தில் கொட்டாது, பல இடங்களில் இடுக. எளியவை ஒதுங்குதற்கு மறைவிடமும் வேண்டும்.

இவ்வளவு செய்தும் அடங்காத சேவலும் உண்டு. அதனைப் பஞ்சாரத்தில் தனியே அடைக்கலாம், அன்றேல் விற்றுவிடலாம். அதன் வழிக் குஞ்சு எடுத்தல் தகாது. போர்க்குணம் வழிவழி வருவதாகும். முட்டை மட்டும் வேண்டுவோர்க்குச் சேவலே வேண்டுவதில்லை. அது இன்றியும் பெட்டை முட்டையிடும். அம்முட்டை பொரியாது, அவ்வளவே.

இங்ஙனம் கூறுவதால், சேவலைப் பகையென்று கருதற்க. வானில் பருந்து தோன்றின் ஒரு குரலாலும், தரையில் நாய் வரின் வேறொரு குரலாலும் அது தன் கூட்டத்தை எச்சரிக்கும். நல்ல இரை கண்டால், தான் உண்ணாது பெட்டைகளைக் கூவி அழைக்கும். போருக்கு எழும் அதே ஊக்கமே காவலுக்கும் பயன்படுகிறது.

எம் புழக்கடையில் அந்நாளில் ஏழு பெட்டைகளுக்கு நான்கு சேவல்கள் இருந்தன. மூன்றை அகற்றினேன், கோலையும் எறிந்தேன். பேரனைப் பாய்ந்த சேவலை மட்டும் வைத்துக்கொண்டேன். இரு திங்களில் அதன் சீற்றம் தணிந்தது. அதுவரை பேரனைத் தனியே முற்றத்துக்கு விடவில்லை. பிழை சேவலிடம் மட்டும் இருந்ததன்று. அளவறியாது வளர்த்த என்னிடமும் இருந்தது. உயிர்களை வளர்ப்போர், தண்டிக்குமுன் காரணத்தை ஆராய்தல் கடன்.