கோடும் உணர்ச்சியும்: நஸ்ரீன் முகமதியின் ஓவியங்கள்

உருவம் ஏதுமற்ற ஓவியத்தின் முன் நிற்போர் பலரும் கேட்பது யாதெனில், மனிதரும் மரமும் இல்லாத இடத்தில் உணர்ச்சி எங்ஙனம் தங்கும் என்பதே. வெள்ளையடித்த சுவரும் ஒரு சிலுவையும் மட்டுமே உடைய ஆலயங்களில் வளர்ந்த நமக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. நாம் வெறுமையைத் தூய்மை என்கிறோம். பிறர் அதனை வறட்சி என்பர். நஸ்ரீன் முகமதியின் ஓவியங்கள் இவ்விரு சொற்களுக்கும் அடங்குவன அல்ல.

இவர் 1937இல் கராச்சியில் இஸ்லாமியக் குடும்பமொன்றில் பிறந்தார். லண்டனிலும் பாரிசிலும் பயின்றார். 1972 முதல் பரோடாப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவில் ஆசிரியராயிருந்தார். தொடக்ககால ஓவியங்களில் கிளையையும் சருகையும் நினைவூட்டும் வடிவங்கள் உண்டு. 1970களில் அவை நீங்கின. வண்ணமும் நீங்கியது. எஞ்சியவை தாள், பென்சில், மை, கட்டட வரைவாளரின் கருவிகள் ஆகியவையே. பெரும்பாலான படைப்புகளுக்குத் தலைப்புமில்லை, தேதியுமில்லை.

இப்பொருள்களின் இயல்பை நோக்குதல் வேண்டும். பென்சில் கோட்டை அழிக்கலாம். மைக்கோட்டை மீட்க இயலாது. நூறு கோடுகளை இழுத்தபின் ஒன்று பிறழினும் தாள் முழுவதும் பாழாகும். கோடுகளுக்கிடையேயுள்ள இடைவெளி சிறிது சிறிதாக மாறுகையில், தட்டையான தாள் சரிவது போலவும் அதிர்வது போலவும் தோன்றும். தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல்களை இவர் புகைப்படமாக எடுத்துள்ளார். வடசேரியில் நெசவைக் கண்டோருக்கு அந்த இறுக்கம் விளங்கும். 1820களில் மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் கற்பித்த லேஸ் பின்னலிலும் நூலைப் போலவே துளையும் வேலையின் பகுதியன்றோ!

மேனாட்டார் இவரை ஆக்னஸ் மார்ட்டினோடு (1912–2004) ஒப்பிடுவர். பிரெஸ்பிட்டேரியன் மரபில் வந்த அவ்வம்மையார், ஆறடிச் சதுரத் துணியில் பென்சில் கோடுகளிட்டு, அவை மகிழ்ச்சியையும் கள்ளமின்மையையும் குறிப்பன என்றார். இவ்வொப்புமை ஓரளவே பொருந்தும் என்பது எம் கருத்து. மார்ட்டினின் கோடு இளைப்பாறுகிறது. நஸ்ரீனின் கோடோ நாணேற்றிய வில்லைப் போல் நிற்கிறது. உருளையாலும் கத்தியாலும் வண்ணத்தைப் படரவிட்டு, ஆண்டிற்குச் சில ஓவியங்களே தீட்டிய வி. எஸ். கெய்தொண்டே (1924–2001) இவர் பெரிதும் மதித்த மூத்தவர். இவரது பொறுமைக்கு அவரே அணுக்கமானவர்.

பிற்காலத்தில் நரம்பு நோயொன்று இவரது உடலின் அசைவைக் குலைத்தது. எனினும் அக்காலக் கோடுகள் நடுங்கவில்லை. குறைந்தன, மெலிந்தன, சாய்ந்து பறந்தன. இதனை நோயை வென்ற வீரக்கதையாக்குவது எளிது. ஆனால் தாளில் வெற்றி முழக்கம் எதுவும் இல்லை. துயரும் அச்சமும் அழிக்கப்படாமல், கோட்டின் நேர்மைக்குள் கட்டுண்டு கிடக்கின்றன. உணர்ச்சியைக் கொட்டுவதே உண்மை என எண்ணும் நம் பிரசங்க பீடங்களுக்கு இது சற்று விளங்காத மொழிதான்.

1990இல் இவர் மறைந்தார். இறுதித் தாள்கள் சிலவற்றில் பரந்த வெண்மையின் குறுக்கே ஓரிரு சாய்கோடுகளே உள்ளன. அச்சுப் படிகளில் மெல்லிய பென்சில் கோடுகள் மறைந்துவிடுவதால், மூலத்தையே காணல் நலம். டில்லி செல்வோர் கிரண் நாடார் கலைக்கூடத்தில் விசாரிக்கலாம். அங்கு இவருடைய படைப்புகள் பல சேர்க்கப்பட்டுள்ளன.