ஒரு வாரம் ஊருக்குப் போறீங்களா? மாட்டைப் பார்த்துக்க ஆள் வெச்சா எவ்வளவு செலவாகும்? முழு கணக்கு இதோ!

குலதெய்வக் கோயில், சபரிமலை, சென்னையில் மகளுக்குப் பிரசவம்னு ஊருக்குப் போக ஆயிரம் காரணம் இருக்கும். பஸ் டிக்கெட்டும் போட்டாச்சு. கடைசியில் வீட்டில் ஒரு கேள்வி வரும்: "எல்லாரும் போயிட்டா மாட்டை யார் பார்க்கிறது?"

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கு இது பழகிப்போன கேள்வி. பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோ "நான் இருந்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படி யாரும் தங்காமல், பக்கத்து வீட்டாரையோ தெரிந்த ஒருவரையோ ஏற்பாடு செய்துவிட்டுப் போனால் உண்மையில் எவ்வளவு ஆகும்? என்ன பேசிவிட்டுப் போகணும்? பார்க்கலாம்.

மாட்டைப் பார்த்துக்கறதுன்னா எவ்வளவு வேலை?

"ரெண்டு வேளை தீவனம் வெச்சா போதும்" என்று சொல்வது எளிது. ஆனால் சாணி அள்ளணும், தொட்டி கழுவணும், தீவனம், தண்ணி வைக்கணும், மடியைக் கழுவிப் பால் கறக்கணும், கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போகணும். காலையில் 2 மணி நேரம், மாலையில் 2 மணி நேரம் இதிலேயே போய்விடும். அதாவது அரை நாள் வேலை.

இந்த அரை நாளுக்கு என்ன கூலி? ஊருக்கு ஊர் மாறும். ஒரு அளவுகோலுக்கு 100 நாள் வேலைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 2025-26-ம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அதற்கு நிர்ணயிக்கப்பட்ட ஒரு நாள் கூலி ரூ.336. அதில் பாதி ரூ.168. 7 நாளுக்கு ரூ.1,176.

பால் எவ்வளவு ஈடு கட்டும்?

ஒரு நாளைக்கு 8 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசு என்று வைத்துக்கொள்வோம். ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு ரூ.35. 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ரூ.3 ஊக்கத்தொகையையும் சேர்த்தால் ரூ.38. (கொழுப்பு, இதர சத்துகளின் அளவைப் பொறுத்து கைக்கு வரும் தொகை மாறும்.) அப்படியென்றால் ஒரு நாளைக்கு ரூ.304. 7 நாளைக்கு ரூ.2,128.

அடுத்து தீவனம். உடம்பு தேறி நிற்க ஒன்றரை கிலோ கலப்புத் தீவனம், கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 400 கிராம் கூடுதல் என்பது பொதுவான கணக்கு. 8 லிட்டர் மாட்டுக்கு ஏறக்குறைய 5 கிலோ வரும். கிலோ ரூ.30 என்று வைத்தால் ஒரு நாளைக்கு ரூ.150. வாரத்துக்கு ரூ.1,050. வைக்கோலும் பசும்புல்லும் வீட்டிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

பால் பணத்தில் தீவனத்தையும் கூலியையும் கழித்தால் மாட்டுக்காரருக்குக் கைநஷ்டம் ரூ.98. அவ்வளவுதான். வாரம் முழுக்க ஆள் வைத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை.

பணமா, பாலா? எந்தப் பேச்சு நல்லது?

கிராமத்தில் பெரும்பாலும் கூலி என்று யாரும் கேட்பதில்லை. "பாலை நீயே எடுத்துக்கோ, தீவனத்தையும் நீயே பார்த்துக்கோ" என்பதுதான் வழக்கமான பேச்சு. இதில் பார்த்துக்கொள்பவருக்கு நாளொன்றுக்கு 304-ல் 150 போக ரூ.154 மிஞ்சும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. தீவனத்தை மாட்டுக்காரரே மூட்டையாக வாங்கி வைத்துவிட்டு, "பாலில் பாதி உனக்கு" என்று பேசலாம். அப்போது பார்த்துக்கொள்பவருக்குக் கிடைப்பது ரூ.152.

இரண்டுக்கும் 2 ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் மாட்டுக்கு இது பெரிய வித்தியாசம். முதல் பேச்சில், தொட்டியில் போடும் ஒவ்வொரு கிலோ தீவனமும் பார்த்துக்கொள்பவரின் பாக்கெட்டிலிருந்து போகிறது. ஒரு கிலோ குறைத்தால் அவருக்கு அன்றைக்கே 30 ரூபாய் மிச்சம். பால் இறங்குவது சில நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் நீங்கள் திரும்பி வந்திருப்பீர்கள். இறங்கிய பாலின் நஷ்டம் உங்கள் தலையில். இரண்டாவது பேச்சில் தீவனத்தைக் குறைப்பதால் அவருக்கு லாபம் எதுவும் இல்லை. பால் கூடினால் அவர் பங்கும் கூடும்.

பால் சொசைட்டியில் உங்கள் பெயரிலேயே ஊற்றப்பட்டால், அட்டையில் ஒவ்வொரு வேளை அளவும் பதிவாகும். திரும்பி வந்து பாதியைப் பிரித்துக் கொடுத்துவிடலாம். சண்டைக்கு இடமே இல்லை.

கறவை வற்றிய மாடு என்றால் பங்கு போட பால் இல்லை. ரொக்கக் கூலிதான். கன்று போடும் நாள் நெருங்கிய மாடு என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

கணக்கில் வராத செலவுகள் என்ன?

மடிநோய்: பால் கறக்கும் நேரம் தவறினாலோ, அரைகுறையாகக் கறந்துவிட்டாலோ மடியில் பால் தங்கும். மடிநோய் வர வாய்ப்பு அதிகம். புது ஆள் கை வைத்தால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்பதும் தெரிந்ததே. கிளம்புவதற்கு 2, 3 நாள் முன்பே அவரை வரவைத்து, நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே கறக்கப் பழக்குங்கள்.

பருவம் தவறுவது: பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி என்பது கணக்கு. ஒருமுறை விட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்கணும். அத்தனை நாளும் தீவனம் தண்டச் செலவு.

பழைய சோறு: "மாடு பாவம்" என்று மீந்த சோறு, கஞ்சி, பொங்கலை அள்ளிக் கொட்டுவார்கள். அளவு மீறினால் வயிற்றில் அமிலம் கூடி மாடு சாயும். உயிருக்கே ஆபத்து.

மரவள்ளி இலை: கள்ளக்குறிச்சி பக்கம் இதைக் கட்டாயம் சொல்லிவிட்டுப் போகணும். மரவள்ளி இலையிலும் கிழங்குத் தோலிலும் சயனைடு நச்சு உருவாகும். அவிழ்த்துவிட்ட மாடோ ஆடோ மரவள்ளிக் காட்டில் புகுந்து மேய்ந்தால் சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறி விழலாம். இளம் சோளப் பயிரிலும் இதே ஆபத்து உண்டு.

கல்வராயன் மலையில் கணக்கே வேற!

மலையில் ஊரை விட்டுப் போவது ஒரு வாரத்துக்கு அல்ல. வெள்ளிமலை சுற்றுவட்டாரத்தில் இருக்கும் மலையாளி பழங்குடியினர் பலர் கேரளா, கர்நாடகா என்று வேலைக்குப் போனால் திரும்ப மாதக்கணக்காகும். அங்கே வளர்ப்பது பெரும்பாலும் நாட்டு மாடும் ஆடும். கன்றுக்குப் போக விற்கும் அளவுக்குப் பால் இருக்காது. அதனால் பாலைக் கூலியாகக் கொடுக்க முடியாது.

இதுபோன்ற நேரத்தில் கைகொடுப்பது தமிழகக் கிராமங்களில் பழைய வழக்கமான 'வாரத்துக்கு விடுவது'. ஆடு உங்களுடையது, மேய்ப்பது அவர். பிறக்கும் குட்டியில் ஆளுக்குப் பாதி. மாடு என்றால் ஒரு கன்று அவருக்கு, அடுத்தது உங்களுக்கு, அல்லது விற்ற விலையில் பங்கு. ஆட்டின் சினைக்காலம் சுமார் 5 மாதம் என்பதால், 6 மாதம் கழித்து வந்தால் பங்கு பிரிக்கக் குட்டி இருக்க வாய்ப்புண்டு.

பிரச்னை வருவது ஆடு செத்தால்தான். நோயில் செத்ததா, விற்றுவிட்டாரா என்ற சந்தேகம் உறவையே முறித்துவிடும். செத்தால் யாருக்கு நஷ்டம், யாரிடம் காட்டணும் என்பதை விடும்போதே இரண்டு பேர் முன்னால் பேசிவிடுவது நல்லது.

இன்சூரன்ஸ் இருக்கா?

தேசிய கால்நடை இயக்கத்தில் 2024 முதல் பயனாளி கட்ட வேண்டியது பிரீமியத்தில் 15 சதவீதம் மட்டுமே. மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கும். ஆனால் காதில் 12 இலக்க எண்ணுள்ள வில்லை இருக்கணும். மாடு இறந்தால் உடனே தகவல் சொல்லி, கால்நடை மருத்துவரை வைத்துப் பிரேதப் பரிசோதனை செய்யணும். நீங்கள் ஊரில் இல்லாதபோது பார்த்துக்கொள்பவர் அவசரத்தில் புதைத்துவிட்டால் பணம் கிடைப்பது கஷ்டம். இதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் குதிரை வைத்திருப்பவர்கள் 'லிவரி' என்ற கட்டணக் கொட்டகைகளில் விட்டுப் பராமரிப்பது தனித் தொழிலாகவே நடக்கிறது. பின்லாந்தில் கால்நடை விவசாயிக்கு ஆண்டுக்கு 26 நாள் விடுமுறை சட்டப்படி உண்டு. அந்த நாட்களில் மாட்டைப் பார்க்க மாற்று ஆள் வருவார். செலவை அரசு ஏற்கும். நம்ம ஊரில் அந்த மாற்று ஆள் பக்கத்து வீட்டு அக்காதான்!

கிளம்பும் முன் இதைச் செய்யுங்க

* தீவனத்தை நாள் கணக்குக்கு அளந்து மூட்டையாக வையுங்கள். அளக்கும் படியையும் காட்டுங்கள்.
* தண்ணி நாளைக்கு 50-60 லிட்டர் வேணும் என்று சொல்லுங்கள்.
* கால்நடை மருத்துவர் நம்பரோடு, நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் 1962 எண்ணையும் கொட்டகைச் சுவரில் எழுதுங்கள்.
* மருத்துவச் செலவுக்குக் கொஞ்சம் ரொக்கம் கொடுத்துவிட்டுப் போங்கள். காசு இல்லை என்று ஒரு ராத்திரி தள்ளிப்போட்டாலே மாடு போய்விடலாம்.

ஒரு வாரத்துக்கு ஆகும் கூலி ரூ.1,176. அதை ஈடுகட்டப் பாலும் இருக்கிறது. அதனால் அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது, எப்பவும் வீட்டிலேயே தங்கிவிடும் அம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் போடலாமே!