மட்டையும் மனிதரும்: இச்சிரோ ஒகிமுரா

மேசைப் பந்தாட்டத்தை மழைநாட் பொழுதுபோக்காகவே நம்மிற் பலர் கருதி வருகின்றனர். பாடசாலைகளிலுங்கூட, மைதானத்தில் இடங்கிடையாத பிள்ளைகளுக்கே அந்த மேசை பெரும்பாலும் உரியதாகின்றது. அத்தகைய விளையாட்டொன்றைக் கொண்டு, போரினாற் பிளவுண்ட ஓர் இனத்தவரை ஓரணியிலே நிற்கச் செய்தவர் யப்பானியராகிய இச்சிரோ ஒகிமுரா.

இவர் 1932ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்து தாயின் உழைப்பில் வளர்ந்தார். உயர்தரப் பாடசாலையிற் பயிலும்போதுதான் இவ்விளையாட்டை முதன்முதற் கைக்கொண்டார். இக்காலத்து வீரர் ஐந்தாறு வயதிலேயே தொடங்கிவிடுகின்றனர் என்பதை நோக்குமிடத்து, அது காலந்தாழ்ந்த தொடக்கமேயாம். தோக்கியோவின் முசாசினோப் பகுதியில், பெண்மணி ஒருவர் நடத்தி வந்த சிறு ஆட்டக்கூடமே அவருக்குக் கல்லூரியாயிற்று.

ஒகிமுராவின் சிறப்பை அறியவேண்டின், மட்டையின் கதையைச் சிறிது அறிதல் வேண்டும். முன்னாளில் மரப்பலகையின்மேல் புள்ளிபுள்ளியாய் மேடிட்ட மெல்லிய இறப்பர்த் தகட்டை ஒட்டி ஆடினர். பந்து பட்டதும் 'டொக்' என்ற ஓசை எழும். அவ்வோசையைக் கொண்டே எதிராளி அடியின் வேகத்தை ஓரளவு கணித்துவிடுவான். வானொலி நேயர்களுக்கு ஓசையின் பயனை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1952ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற உலகப் போட்டிக்கு யப்பானியரான கிரோசி சாத்தோ, தடித்த ஸ்பொஞ்ச் ஒட்டிய மட்டையுடன் வந்தார். அம்மட்டையில் ஓசை எழவில்லை. பந்தோ உள்ளே அழுந்தி, எதிர்பாராத விசையோடு பாய்ந்தது. ஐரோப்பாவின் பேராட்டக்காரர் திகைத்து நிற்க, சாத்தோ தனியாள் பட்டத்தை வென்றார். ஆசியர் ஒருவர் அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதன்முறை. ஆயினும் மட்டையின் மருமம் வெளிப்பட்டபின் அவருக்கு அத்தகைய வெற்றி மீண்டும் வாய்க்கவில்லை.

ஈராண்டின் பின், 1954இல், ஒகிமுரா இலண்டனுக்குப் புறப்பட்டார். பயணச் செலவைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தமையால், ஆட்டக்கூடத்து நண்பர்கள் புகையிரத நிலைய வாயில்களில் நின்று சில்லறை திரட்டிக் கொடுத்தனர். போர் ஓய்ந்து ஒன்பதாண்டே கடந்திருந்தது. யப்பானியர்க்கு அங்கே கிடைத்த வரவேற்பில் அன்பு மிகுந்திருக்கவில்லை. அச்சூழலிலே அவர் இறுதியாட்டத்தில் சுவீடனின் தாகே பிளிஸ்பேர்க்கை வென்று உலக வீரரானார். யப்பானிய ஆண்கள் அணியும் முதன்முறையாக வெற்றிக் கிண்ணத்தைக் கொண்டு சென்றது.

வென்றது மனிதனன்று, மட்டையே என்று குறைகூறுவோர் அன்று பலரிருந்தனர். அதனை வெறும் பொறாமை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. கருவி ஒருபுறம் மிகையாக உதவுமாயின் போட்டியின் நேர்மை குறையுமன்றோ! 1959ஆம் ஆண்டு சர்வதேசச் சம்மேளனம் வெற்று ஸ்பொஞ்சைத் தடைசெய்து, இறப்பர் போர்த்திய ஸ்பொஞ்ச் 4 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது என விதித்தது. ஆனால் ஒகிமுராவின் வெற்றி மட்டையோடு முடியவில்லை. 1956இல் தோக்கியோவில் மீண்டும் தனியாள் பட்டம் பெற்றவர், புதிய விதி வந்தபின் 1961இல் பீக்கிங்கில் கலப்பு இரட்டையர் பட்டத்தையும் வென்றார். அணிப்பட்டங்கள் ஐந்து உட்பட, அவர் பெற்ற உலகப் பட்டங்கள் மொத்தம் 12. பேனா பிடிப்பதுபோல் மட்டையைப் பிடித்து, மேசையைச் சுற்றி ஓடியோடி முன்கையாலேயே தாக்குவது அவரது முறை. நூற்றுக்கு 51 பங்கு வாய்ப்பிருப்பின் தயங்காது அடித்துவிட வேண்டும் என்பது அவரது கொள்கை.

ஆடுவதைத் தணித்தபின் பிறர்க்குக் கற்பிக்கத் தலைப்பட்டார். சுவீடன் நாட்டு இளைஞர்க்குத் தம் பயிற்சி முறைகளை மறைவின்றிக் கொடுத்தார். அவரிடம் பயின்ற ஸ்ரெல்லன் பெங்க்சன், 1971இல் நகோயாவில் யப்பானியர் கண்முன்னே உலகப் பட்டத்தைத் தட்டிச் சென்றார். தம் நாட்டை வெல்லும் வித்தையைப் பிறநாட்டார்க்கு ஈவதென்பது எல்லார்க்கும் இயலும் காரியமன்று; அவருக்கு எதிராகத் தாய்நாட்டிலே முணுமுணுப்பு எழுந்திருந்தாலும் வியப்பில்லை.

1987இல் அவர் சர்வதேசச் சம்மேளனத்தின் தலைவரானார். வட கொரியாவுக்கும் தென் கொரியாவுக்கும் பலமுறை சென்று, இரு அரசுகளோடும் பொறுமையாகப் பேசினார். இரு நாட்டாரும் சேர்ந்து பயில்வதற்கு யப்பானிய நகரங்களில் இடமும் தேடிக் கொடுத்தார். இதன் பயனாக, 1991இல் சீபா நகரில் நடந்த உலகப் போட்டியில் வடக்கும் தெற்கும் 'கொரியா' என்ற ஒரே பெயரில், வெண்கொடியில் நீலநிறத் தீபகற்பம் தீட்டிய சின்னத்தோடு ஆடின. நாட்டுக் கீதத்துக்குப் பதிலாக 'அரிராங்' என்னும் நாடோடிப் பாடல் இசைக்கப்பட்டது. தெற்கின் கியொன் சுங்-குவாவும் வடக்கின் லீ புன்-குயியும் இரட்டையராக ஒரே பக்கத்தில் நின்றனர். தொடர்ந்து எட்டுமுறை வென்றிருந்த சீனப் பெண்கள் அணியை அக்கூட்டணி இறுதியாட்டத்தில் 3-2 என வீழ்த்தியது. போட்டி முடிந்ததும் வீராங்கனைகள் அவரவர் நாட்டுக்குத் திரும்பினர். எல்லை முன்போலவே மூடிக்கிடந்தது.

ஒகிமுரா 1994ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 62ஆவது வயதில் மறைந்தார். 2018இல், அவர் முன்னர்ப் பயிற்றுவித்த சுவீடனிலே, காலிறுதியில் ஒன்றையொன்று எதிர்க்க வேண்டியிருந்த இரு கொரியப் பெண்கள் அணிகளும் அவ்வாட்டத்தை ஆடாது விடுத்து ஓரணியாயின. அரையிறுதியில் அவர்களை வென்றது யப்பான்.